பழைய அவுட்போர்டில் பெட்ரோல் மிச்சம்: கேள்வி-பதில்

பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து, படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினைப் பற்றி பர்மாவின் ஊர்களிலிருந்து வரும் கடிதங்களும் ஏறிவிட்டன. பாதிப்பேர் கேட்பது ஒரே விஷயம், ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளை) கம்பி விட்டு அதைக் குறுக்கலாமா என்று. அதற்குக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

எங்கள் போட் எஞ்சின் நிறைய பெட்ரோல் குடிக்கிறது. என்ன செய்வது? (சிரியம்)

என்ன எஞ்சின்? எத்தனை குதிரை? படகு எவ்வளவு நீளம், பாரம் எவ்வளவு? ஒன்றுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து போகும் எஞ்சின்) என்றால், முழு திராட்டிலில் 10 குதிரைக்கு மணிக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 குதிரைக்கு 16 லிட்டர். டேங்கை நிரப்பி, ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். இந்தக் கணக்கை ஒட்டி வந்தால் எஞ்சினில் கோளாறு இல்லை. அதற்கு மேலே போனால் அளவோடு எழுதுங்கள்.

40 குதிரை, நெல் மூட்டை ஏற்றும் படகு. முழு திராட்டிலில் நிமிஷத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டவில்லை. புரொப்பெல்லர் பிட்ச் 13. (பியாப்போன்)

அளந்து எழுதியதற்கு நன்றி, இப்படித்தான் கேட்க வேண்டும். அந்த புரொப்பெல்லர் வேகப் படகுக்கு உரியது. பாரத்தோடு அதைத் தள்ள எஞ்சின் திணறுகிறது, பெட்ரோல் வீணாகிறது, பேரிங்கும் அடிபடும். பிட்ச், அதாவது ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம், ஒரு அங்குலம் குறைந்தால் சுமார் 200 சுற்று கூடும். 10 போட்டால் 4,600 வரும், 9 போட்டால் 4,800. இந்த ரக எஞ்சினுக்கு 4,500 முதல் 5,500 வரை வேண்டும். 10 வாங்குங்கள். இறக்கை விளிம்பு மடங்கிய பழைய புரொப்பெல்லரை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள்.

மெயின் ஜெட்டில் மெல்லிய செம்புக் கம்பி விட்டால் கால்வாசி பெட்ரோல் மிச்சம் என்கிறார்கள். செய்யலாமா அண்ணே? (மோல்மேன்)

வேண்டாம் தம்பி. எத்தனை தடவை கேட்டாலும் என் பதில் இதுதான்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எரிவதற்கு மட்டும் போவதில்லை. கிராங்க் பேரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் ஆயிலைச் சுமந்து போவது அதுதான். ஆவியாகும்போது பிஸ்டனின் சூட்டைத் தணிப்பதும் அதுதான். ஜெட்டைக் குறுக்கினால் ஆயிலும் குறையும், குளிர்ச்சியும் குறையும். முதல் அரை மணி நேரம் எஞ்சின் லேசாக ஓடுவது போலத் தெரியும், சுற்றுகூடக் கொஞ்சம் ஏறும். அதை நம்பித்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். பாரத்தோடு நீண்ட ஓட்டம் ஓடும்போது பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

எனக்கே நடந்தது. கார்பன் சுத்தம் பண்ண ஓர் ஒர்க்‌ஷாப்பில் 25 குதிரை எஞ்சினைக் கொடுத்தேன். என்னைக் கேட்காமலே உள்ளே கம்பியை விட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பா-ஆனிலிருந்து பாரத்தோடு திரும்பும்போது, சால்வீன் ஆற்று நடுவில், கடல் வற்று வேகமாக இழுக்கிற நேரத்தில் மேல் சிலிண்டர் பிடித்துக்கொண்டது. படகில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு சம்பான்காரர் கயிறு வீசியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனில் விரல் நுழைகிற ஓட்டை. மிச்சமான பெட்ரோல் இரண்டு லிட்டர் இருக்கும். செலவானது புது பிஸ்டன், ரிங், சிலிண்டர் போரிங். இன்னொருவரின் எஞ்சினில் சொல்லாமல் கம்பி விடுவதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

சரி, பெட்ரோல் எங்கே வீணாகிறது? புதுக் கலவை சிலிண்டருக்குள் வரும்போது எக்ஸாஸ்ட் வாயும் திறந்தே இருக்கிறது. கால் பங்குக்கு மேல்கூட எரியாமலே வெளியே போய்விடும். அது அந்த அமைப்பிலேயே இருக்கிற குறை, ஜெட்டைக் குறுக்கி அதைத் தீர்க்க முடியாது. கம்பெனி போட்ட ஜெட் கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டது, நாமும் கடல் மட்டத்தில்தான் ஓட்டுகிறோம். கார்புரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள், மிதவை மட்டத்தைப் பாருங்கள். திராட்டில் திறப்பும் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) நகர்வும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். அப்புறம், முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே சட்டென்று நிறுத்தி பிளக்கைக் கழற்றுங்கள். பால் டீ நிறம் என்றால் கலவை சரி. கரியும் ஈரமும் என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்பதை 100-க்கு 1 ஆக்கினால்?

10 லிட்டருக்கு 100 மில்லி ஆயில் மிச்சம், எஞ்சின் நஷ்டம். 1964-க்கு முந்திய ஜான்சன், எவின்ரூட் எஞ்சின் வைத்திருப்பவர்கள் 24-க்கு 1-ஐ விட்டு இறங்கவே கூடாது, அவற்றின் பேரிங் அப்படி. மோட்டார் சைக்கிள் டூ ஸ்ட்ரோக் ஆயிலும் வேண்டாம். அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 என்று எழுதியதுதான்.

தாத்தா காலத்து பிரிட்டிஷ் சீகல் எஞ்சின். 10-க்கு 1 ஆயில் போட்டு ஒரே புகை. 25-க்கு 1 ஆக்கலாமா? (டாலா)

ஆக்கலாம், ஆனால் ஆயிலை மட்டும் குறைத்தால் போதாது. ஆயில் குறைந்தால் அதே ஜெட் வழியாகப் பெட்ரோல் கூடுதலாகப் போகும், கலவை கெட்டியாகிவிடும். அந்த மாடலுக்கான மாற்று ஊசியும் ஜெட்டும் சேர்த்துப் போட வேண்டும். கிடைக்கும் வரை 10-க்கு 1-லேயே ஓட்டுங்கள்.

மண்ணெண்ணெய் கலக்கலாமா?

மண்ணெண்ணெய்க்கென்றே செய்த எஞ்சினில் கம்ப்ரெஷன் குறைவு. உங்களுடையது பெட்ரோல் எஞ்சின். தட்டும், உருகும். வேண்டாம்.

பெட்ரோல் குழாயில் காந்தம்?

பயன் இல்லை. அந்தக் காசுக்கு இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம்) வாங்குங்கள்.

சேறு அடைக்கிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டோம். அதற்கப்புறம் பெட்ரோல் கூடிவிட்டது. (பீலூ தீவு)

கூடத்தான் செய்யும். எஞ்சின் சூடாகும் வரை குளிர்நீரைத் தடுத்து வைப்பது தெர்மோஸ்டாட்தான். எஞ்சின் 50, 60 டிகிரி சூட்டில் ஓட வேண்டியது. சில்லென்று இருந்தால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, எரியாததெல்லாம் கரியாகப் படியும். தெர்மோஸ்டாட்டைக் கழுவிவிட்டு, பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து அதில் போடுங்கள். திறந்தால் திரும்ப மாட்டுங்கள். இம்பெல்லரை வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், நம் ஆற்றுச் சேறு ரப்பரைத் தின்றுவிடும்.

25 அடி மரப்படகு, 15 குதிரை. எந்த வேகத்தில் போனால் சிக்கனம்? (மோல்மேன்)

தண்ணீரைக் கிழித்துப் போகும் படகுக்கு நீளத்தை ஒட்டி ஓர் எல்லை உண்டு. உங்கள் படகுக்கு மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். அதற்கு மேல் முறுக்கினால் கடையால் (பின்பக்கம்) தாழும், அணியம் (முன்பக்கம்) தூக்கும், பெட்ரோல் இரட்டிப்பாகும், வேகம் மட்டும் கூடாது. 10-இல் வையுங்கள். ஓதத்தையும் (கடலின் ஏற்றவற்றம்) பாருங்கள். 3 கிலோமீட்டர் நீரோட்டத்தை எதிர்த்துப் போனால் கரைக்கணக்கில் 7, அதோடு சேர்ந்து போனால் 13. அதே தூரத்துக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலே பெட்ரோல்தான் ஆகும். நீங்கள் போகும் பக்கம் ஓதம் திரும்பும் வரை காத்திருந்து புறப்படுங்கள்.