என்ன பாடு?

கேள்வி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலத்துக்காக விசைப்படகு கரையில் கிடந்தபோது, வலை பொத்திக்கொண்டே கைபேசியில் ஒன்பது ஒலிப்புத்தகங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டு முடித்தேன். வாசிப்பவர்களில் பாதிப் பேர் நாடகம் போடுகிறார்கள். சிலர் மூச்சு விடாமல் ஓடுகிறார்கள். ஒருவருக்கு ழகரமே வரவில்லை. ழகரம் வராதவரைப் புத்தகம் வாசிக்கவே விடக்கூடாது என்பது என் கருத்து. தங்கள் கருத்து என்ன? (ஒரு வாசகர், மண்டபம்)

பதில்: மூச்சு விடாமல் ஓடுகிறார்கள் என்ற புகாரை முதலிலேயே தள்ளுபடி செய்துவிடுகிறேன்; ஓட்டியவர் நீங்கள். பன்னிரண்டு மணி நேரப் புத்தகத்தை எட்டு மணி நேரத்தில் முடிக்கும்போது கைபேசி சொற்களை மட்டும் சுருக்குவதில்லை, வாசிப்பவர் யோசித்து விட்ட இடைவெளிகளையும் சேர்த்தே சுருக்கிவிடுகிறது. குரலின் சுருதி மாறாமல் அது பார்த்துக்கொள்வதால், குற்றம் வாசிப்பவருடையது என்றே காதுக்குத் தோன்றும்.

நாடகம் பற்றிய புகாரில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். கிழவர் என்று எழுத்தாளர் ஓரிடத்தில் சொல்லிவிட்டார் என்பதற்காக அவர் வாய் திறக்கும் போதெல்லாம் இருமுவதும், பெண் பேசினால் குரலைக் கீச்சென்று உயர்த்துவதும் கேட்பவரின் கற்பனைக்கு வேலையில்லாமல் செய்துவிடுகின்றன. வானொலி நாடகத்தில் ஆளுக்கொரு குரல் உண்டு. புத்தகம் வாசிப்பவரோ எழுத்தாளரின் இடத்தில் ஒற்றைக் குரலாக உட்கார்ந்திருப்பவர். பின்னணி இசையைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லாதது எனக்கு வியப்புதான்.

இனி ழகரம். கதை சொல்லும் பகுதிகளில் அது வேண்டும் என்பதில் மறுப்பில்லை. வாழையும் வாளையும் ஒன்றாகிவிட்டால் தோப்பில் மீன் காய்க்கும். ஆனால் பாத்திரங்கள் பேசும் இடங்களிலும் அதே கண்டிப்பைக் காட்டச் சொல்வது எந்த நியாயம்? கீழக்கரைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கைக்காரர்கள் அந்த ஊரின் பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை கவனியுங்கள். எழுத்தாளர் அந்தப் பேச்சையே தாளில் இறக்கி வைத்திருக்கும்போது, வாசிப்பவர் அதைத் தமிழாசிரியர் போலத் திருத்திச் சொல்வதுதான் பிழை.

உச்சரிப்பில் நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. 'கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்' என்ற வாக்கியத்தில் ஒரு 'ப்' இருக்கிறது. அதை விழுங்கிவிட்டு வாசித்தால், தனுஷ்கோடி மணலில் நிற்பவன் வேர்க்கடலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ழகரப் பிழையை ஊரே கண்டுபிடித்துவிடுகிறது, விழுங்கப்பட்ட ஒற்றெழுத்தை எவரும் தேடுவதில்லை.

அண்மையில் நான் கேட்ட ஒரு கடற்கரைக் கதையை வாசித்தவருக்கு ழகரம் அப்பழுக்கில்லாமல் வந்தது. விடியற்காலையில் கரை சேரும் வத்தை என்னும் நாட்டுப்படகைப் பார்த்து ஒருவர், "என்ன பாடு?" என்று கேட்கிறார். உங்கள் ஊரில் சிறுவனுக்கும் தெரியும், அவர் கேட்பது எவ்வளவு மீன் கிடைத்தது என்று. வாசித்தவரோ, பட்ட துன்பத்தை விசாரிப்பதாக எண்ணி, இழவு வீட்டில் துக்கம் கேட்பது போல் குரல் தழுதழுத்து அதை வாசித்தார். அடுத்த வரியில் "கணவாய்தான் கொஞ்சம்" என்று பதில் வந்ததும் அவர் குரலில் ஒரு தயக்கம் தெரிந்தது. கடலில் பிடிபடும் கணவாயை மலைக் கணவாய் என்று எண்ணி, மலைப்பாதை எப்படி வத்தையில் ஏறியது என்று அவரும் குழம்பியிருக்க வேண்டும். ஒலிவாங்கியின் முன் உட்காருவதற்கு முதல் நாள் கடற்கரை ஊர்க்காரர் ஒருவரிடம் அந்த இரண்டு சொற்களைப் படித்துக் காட்டியிருந்தால் போதும். வாசிப்பவரைத் தேர்ந்தெடுக்க என்னிடம் பொறுப்பைக் கொடுத்தால், ழகரம் சொல்லச் சொல்லிச் சோதிக்கமாட்டேன். நான்கு பக்கங்களைக் கொடுத்து, புரியாத சொற்களுக்குக் கீழே கோடிட்டுக் கொண்டுவரச் சொல்வேன். ஒரு கோடும் இல்லாமல் திரும்புபவருக்கு வேலை கிடையாது.

நீங்கள் விலக்கச் சொல்லும் அந்த மனிதரின் புத்தகம் இன்னும் உங்கள் கைபேசியில் இருந்தால், வேகத்தை ஒன்றுக்குக் குறைத்து, உரையாடல் மிகுந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் மறுபடி கேளுங்கள். அப்போதும் அவர் வேண்டாம் என்று தோன்றினால், எந்த வாக்கியத்தில் என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.