31 வருஷமும் மூன்று வேலையும்

கேள்வி: எனக்கு 58 வயது. பிறையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 81. கூலிம் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் 31 வருஷம் பால் வெட்டியவர். 1989-ல் தோட்டத்தை விற்றபோது தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்துகொண்டு இங்கே வந்தோம். நான் 1985-லேயே பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டேன். என் மகளுக்கு 26. படிப்பு முடிந்த மூன்று வருஷத்தில் இது மூன்றாவது கம்பெனி. "ஒரு இடத்துல நிக்கத் தெரியாதவ" என்று அப்பா ஓயாமல் சொல்வார். அவர் பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல் என்று எல்லாவற்றையும் ஒரு மைலோ டின்னில் பத்திரப்படுத்தி வைத்திருப்பதை அவள் கேலி செய்வாள். தீபாவளியன்று சாப்பிடும்போது பேச்சு முற்றி, "நீங்க அடிமையா இருந்து பழகிட்டீங்க தாத்தா" என்று சொல்லிவிட்டாள். அப்பா பாதி இலையில் எழுந்து போய்விட்டார். இரண்டு வாரமாக இருவருக்கும் பேச்சு இல்லை. இந்தத் தலைமுறையே இப்படித்தானா? நான் யார் பக்கம் பேசுவது?

– ஒரு வாசகி, பிறை, மலேசியா

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யார் பக்கமும் பேசாதீர்கள். அப்பா சொன்னதை மகளிடமும், மகள் முணுமுணுத்ததை அப்பாவிடமும் கொண்டுபோகும் தபால்காரர் வேலையையும் இன்றோடு விட்டுவிடுங்கள். இரண்டு வாரமாக நீங்கள் அதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

'இந்தத் தலைமுறையே' என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பெல்லாம் ராசியைக் கேட்டுக் குணம் சொல்வார்கள். இப்போது பிறந்த வருஷம் போதும். பூமர், மில்லேனியல், ஜென் ஸி என்று பெயர் வைத்துப் பலன் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் ஜோசியத்தின் மேல் இருக்கிற அளவு நம்பிக்கைகூட இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தைச் சட்டென்று தாண்டிவிட்டீர்கள். 1985. பினாங்குப் பாலம் திறந்த வருஷம். கூலிம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 18 வயதுப் பெண் ஒருத்தி, விடியுமுன் கம்பெனி பஸ் ஏறித் தீவுக்கு வேலைக்குப் போனால் லயத்தில் என்ன பேசியிருப்பார்கள்? பாயான் லெப்பாஸில் 1972-ல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியதிலிருந்தே அங்கே வேலைக்குப் போன பெண்களுக்குக் கெட்ட பெயர்தான். மலாய்ப் பெண்களை 'மினா காரான்' என்றார்கள். மினா பெண்ணின் பெயர், காரான் என்றால் மின்சாரம். நம் பக்கத்தில் 'பேக்டரி பொண்ணு' என்பதைச் சொல்கிற தொனியே போதும். நைட் ஷிப்ட் போகிறாள், ஜீன்ஸ் போடுகிறாள், சம்பளத்தில் லிப்ஸ்டிக் வாங்குகிறாள். (நான் டைப்பிங் கிளாஸ் போனதற்கே எங்கள் தெருவில் பேச்சு வந்தது.) நீங்கள் எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது லயத்தில் யாருக்கும் தெரியாது. பெண் பஸ் ஏறிப் போவது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. இன்று உங்கள் மகளும் அப்படித்தான் கண்ணில் படுகிறாள். கம்பெனி மாறுவது வீட்டுக்கே தெரிகிறது, அந்த ஆபீஸில் அவள் என்ன படுகிறாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

இப்போது அப்பா. 'நிலைச்சு நிக்கணும்' என்பதைக் கிழவரின் பிடிவாதம் என்று மகள் நினைக்கிறாள். தோட்டத்தில் வேலை என்றால் சம்பளம் மட்டும் இல்லை. லய வீடு தோட்டத்துடையது. குழந்தையை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகை, டிஸ்பென்சரி, பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளி, கும்பிட்ட மாரியம்மன் கோயில், எல்லாம் அந்த எல்லைக்குள்தான். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுக்காதவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்கு வீடு இல்லை. மகள் ராஜினாமா கடிதம் கொடுத்தேன் என்று சொல்லும்போது அவர் காதில் விழுவது, குடும்பத்தோடு சட்டி பானையைத் தூக்கி லாரியில் ஏற்று என்பது. 1989-ல் அது நடந்தும்விட்டது.

மகளுக்கு நிலைமை வேறு. அவள் கம்பெனி மாறினாலும் இபிஎப் என்கிற ஊழியர் சேமநிதிப் பணம் அவள் பெயரில் கூடவே வருகிறது. சம்பளத்தில் 11 விழுக்காடு அவளுடையது, முதலாளி அதற்கு மேலே போடுகிறார். பழைய கம்பெனியோ புதிய கம்பெனியோ, கணக்கு ஒன்றுதான். இபிஎப் 1951-லேயே வந்தது, உங்கள் அப்பாவுக்கும் பிடித்திருப்பார்கள். ஆனால் வீடு இபிஎப்பில் இல்லையே. அந்த ஒரு வித்தியாசத்தை இரண்டு பேருக்கும் யாரும் சொல்லவில்லை.

அந்த மைலோ டின்னுக்கும் ஒரு கதை இருக்கும். 1969-ல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தது. குடிமகனுக்குரிய நீல அட்டை இருந்தவன் மூச்சு விட்டான், சிவப்பு அட்டைக்காரன் திண்டாடினான். இங்கேயே பிறந்து, காகிதம் சரியாக இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. பல்லாயிரம் தமிழர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் போய் இறங்கிய குடும்பங்கள் எத்தனையோ. உங்கள் அப்பாவுக்கு அப்போது 25 வயது. பக்கத்து லயத்துக்காரன் ஒரு காகிதம் இல்லாமல் போனதைப் பார்த்தவர் சம்பளச் சீட்டைக் கிழித்துப்போடுவாரா?

அடிமை என்ற சொல்லுக்கு வருகிறேன். அது தப்பு, மகள் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். மரியாதைக் குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, விஷயமே தவறு. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-ல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். அதில் மாதம் பத்துப் பத்து வெள்ளியாக, அதாவது டாலராக, கட்டித் தோட்டம் வாங்கியவர்கள் பால் வெட்டியவர்கள்தான். அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி சின்னத் தொகை இல்லை. உங்கள் அப்பா அதில் சேர்ந்தாரோ என்னவோ, அவரிடமே கேட்கலாம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 31 வருஷம் நின்ற இடத்திலேயே நின்றதற்கு அவருக்குக் கடைசியில் கிடைத்தது காலி செய்யச் சொன்ன கடிதம். 'நிலைச்சு நில்லு' என்று பேத்திக்குச் சொல்கிறவருக்கு அது தெரியாதா? தெரியும். வீடு போயிற்று, தோட்டம் போயிற்று, மரமும் போயிற்று. எண்ணிக் காட்ட அவரிடம் மிச்சம் இருப்பது அந்த 31 மட்டும்தான். பேத்தி அதன்மேல் கை வைத்துவிட்டாள். அதனால்தான் பாதி இலையில் எழுந்தார்.

சரி, என்ன செய்யலாம்? உட்கார வைத்துச் சமாதானம் பேச வேண்டாம். நம் வீடுகளில் அது இன்னொரு சண்டையில்தான் முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். டின்னில் உள்ள காகிதங்கள் மக்கிக்கொண்டு வருகின்றன, ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்து, எது என்ன என்று தாத்தாவிடம் கேட்டு எழுதி வை என்று சொல்லுங்கள். மன்னிப்பை முதலில் கேட்கட்டும். 'சாரி தாத்தா' என்ற இரண்டு சொல் போதும், அதற்கு மேல் இழுத்தால் பெரியவருக்குக் கூச்சமாகிவிடும். அப்புறம் டின்னைத் திறக்கட்டும். முதல் சீட்டில் நாள் கூலி எவ்வளவு என்று அவள் கேட்டால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். ஒட்டுப்பால், மங்கு, நிரை என்று அவர் சொல்லும் சொற்கள் பாதி அவளுக்குப் புரியாது. கேட்கட்டும்.

அப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான், அதுவும் அவர் தனியாகப் பசியாறும் நேரத்தில். "வேலை மாறினாலும் அவ இபிஎப் எங்கயும் போகாதுப்பா, வீட்ட விட்டும் யாரும் எறக்கிவிட மாட்டாங்க." உடனே ஒத்துக்கொள்ள மாட்டார். பரவாயில்லை, காதில் போட்டு வையுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவர்கள் நடுவில் உட்கார வேண்டாம். மார்க்கெட்டுக்குப் போய்விடுங்கள், அவசரமில்லாமல் திரும்புங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் உங்களுக்குக் கொடுத்த பழைய பேட்ஜ், படம் ஒட்டியது, இன்னும் எங்காவது அலமாரியில் இருந்தால் போகும்முன் அதையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள்.