மைல்கல்லுக்கு வயது பார்ப்பது எப்படி?

கேள்வி: ஏற்காடு போகிற வழியிலும் சேலத்தைச் சுற்றியும் கண்ணில் படும் பழைய மைல்கல், கைகாட்டி, ஊர்ப் பெயர்ப் பலகை எல்லாவற்றையும் போனில் படம் எடுக்கிறேன். 'கல்லையும் தகரத்தையும் போய் எடுக்கிறாயே' என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். போன் முழுக்கப் படங்கள். எது எந்தக் காலத்தது என்று தெரியவில்லை. தேய்ந்த கல்லில் எழுத்தும் சரியாக விழுவதில்லை. சாலையோரம் பிடுங்கிப் போட்ட ஒரு மைல்கல்லை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: அன்புச் சகோதரி, வீட்டுக்காரர் கிண்டல் செய்தால் செய்யட்டும். அடுத்த முறை வண்டி ஓட்ட அவரையே கூட்டிப் போங்கள்.

வயதுக்கு வருவோம். முதலில் எழுத்தைப் பாருங்கள். 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கையும் யானைத் துதிக்கை போல மேலே வளைத்து எழுதுவார்கள். ணா, றா, னாவுக்கும் தனி வடிவம். 'சாலை', 'மலை', 'வளைவு' என்று ரோட்டில் அடிக்கடி வரும் சொற்களில் இது உடனே தெரிந்துவிடும். ஆனால் கை பழகிய பெயின்டர்கள் அப்புறமும் பல வருஷம் பழையபடியே எழுதினார்கள். ஆகவே இது ஒரு துப்பு, அவ்வளவுதான்.

அடுத்து எண். சேலம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 7, 2010-ல் 44 ஆனது. கொச்சி போகிற 47, 544 ஆனது. மஞ்சள் தலைக் கல்லில் 7 அல்லது 47 இருந்தால் அது பெரும்பாலும் அந்த மாற்றத்துக்கு முன் எழுதியது. கல்லில் தூரம் மைலில் இருந்தால் இன்னும் பழசு. மெட்ரிக் அளவுச் சட்டம் 1956-ல் வந்தது, அதன் பிறகுதான் படிப்படியாகக் கிலோமீட்டர். மாவட்டப் பெயரையும் விடாதீர்கள். ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் 'சேலம் மாவட்டம்' என்று ஒரு பலகை கிடைத்தால் அது நாமக்கல் பிரிந்த 1997-க்கு முந்தையது. தருமபுரிப் பக்கம் கிடைத்தால் 1965-க்கு முந்தையது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.

தருமபுரி என்றதும் சொல்ல வேண்டும். அதியமான் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையில் நட்ட 13ஆம் நூற்றாண்டுக் கற்கள் அந்தப் பக்கம் கிடைத்திருக்கின்றன. தூரத்தைக் காதம் என்ற அந்தக் கால அளவில் எண்ணால் எழுதியதோடு, படிக்கத் தெரியாதவர் தடவிப் பார்த்து எண்ணிக்கொள்ளக் குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். அதை நினைத்தால் நம் ரோட்டுத் தகரங்கள் நேற்றுப் பிறந்தவை.

தேய்ந்த எழுத்துக்கு உச்சி வெயில் உதவாது. காலையிலோ சாயங்காலமோ வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். மூட்டமான நாளில் பக்கத்திலிருந்து ஒரு டார்ச் அடித்தால் போதும். சாக்பீஸ் தேய்ப்பது, சுண்ணாம்பு பூசுவது, பெயின்டைச் சுரண்டுவது எதுவும் வேண்டாம். புதிய பலகைகளில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஷீட் ஒட்டியிருக்கும். பிளாஷ் போட்டால் வெள்ளையாக வெளுத்துவிடும், அணைத்துவிட்டு எடுங்கள்.

ஒவ்வொன்றையும் இரண்டு படமாக எடுங்கள். ஒன்று எழுத்துக்கு, இன்னொன்று கொஞ்சம் பின்வாங்கி, ரோடும் மரமும் கடையும் தெரிகிற மாதிரி. போனில் இருப்பிடத்தை ஆன் செய்து, ஊரையும் தேதியையும் அன்றைக்கே குறித்துவிடுங்கள். உங்கள் போனில் இப்போது பாதி வேலைதான் நடந்திருக்கிறது என்பேன். எங்கே நின்றது என்று தெரியாத மைல்கல் படத்தை வைத்துக்கொண்டு யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது.

அதனால்தான் கல்லை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்கிறேன். பிடுங்கிப் போட்டிருந்தாலும் அது அரசாங்கச் சொத்து. எழுத்து பழசாகத் தெரிந்தால், படத்தோடும் இருப்பிடத்தோடும் சேலம் அரசு அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஏற்காடு மலைப்பாதையில் மட்டும் ஒரு கண்டிப்பு: இருபது கொண்டை ஊசி வளைவுகளின் எண் பலகைகளையும் வரிசையாக எடுக்க ஆசை வரும். வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். மேலே ஏறுகிற பஸ் அகலமாகத் திரும்பும், டிரைவருக்கு உங்கள் ஸ்கூட்டர் கடைசி நொடியில்தான் தெரியும். தாண்டிப் போய் அகலமான இடத்தில் நிறுத்தி, ஓரமாக நடந்து வந்து எடுங்கள். சனி, ஞாயிறும் மே மாதமும் அந்தப் பாதையில் இதற்குத் தோதுப்படாது. வார நாளில், பனி விலகிய பிறகு போங்கள்.