மழுங்கிய ரோலரும் ப்ளஸ் டூ பிள்ளைகளும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. தொழிற்கல்வியில் பழைய ஜெனரல் மெஷினிஸ்ட் பிரிவை எடுத்துவிட்டு, அழகுக்கலையோ ஓட்டல் வேலையோ கொண்டுவரலாம் என்று பேசுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் ப்ளஸ் டூ முடித்த கையோடு திருப்பூருக்கு பஸ் ஏறுகிறார்கள். நாங்கள் எதைக் கேட்டு வாங்குவது? (பெயர் வேண்டாம் என்கிறார் வாசகி.)

பதில்: மெஷினிஸ்ட் பிரிவை எடுக்க விடாதீர்கள் அம்மா. காரணம் உங்கள் ஊரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் கொழுந்து போடும் டீ ஃபாக்டரிக்குள் ஒருமுறை போய் அந்த சி.டி.சி. மிஷினைப் பாருங்கள். வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ரோலர், அதன் மேல் வரிவரியாகப் பல். அந்தப் பல்லுக்கு நடுவில்தான் இலை நசுங்கிக் கிழிந்து சுருள்கிறது. ஓட ஓடப் பல் மழுங்கும், மழுங்கினால் தூள் சரியாக விழாது, குன்னூர் ஏலத்தில் விலை இறங்கும், கடைசியில் அது உங்கள் கொழுந்து விலையில் வந்து விடியும். அதனால் ரோலரைக் கழற்றி அடிக்கடி பல் வெட்டித் தீட்டியாக வேண்டும். அதற்கு லேத்தில் இரும்பைக் கடையவும், மில்லிங் மிஷினில் செதுக்கவும் தெரிந்த ஆள் வேண்டும். இதே வேலையைத்தானே உங்கள் பள்ளியில் 'பழைய பிரிவு' என்று மூட்டை கட்டப் பார்க்கிறார்கள்?

ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் அதிலேயே தள்ளிவிடவும் கூடாது. ஒரு ஃபாக்டரிக்கு இப்படிப்பட்ட ஆள் எத்தனை பேர் வேண்டும், ஒன்றா இரண்டா? அதனால் உங்கள் குழுக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, நான்கைந்து டீ ஃபாக்டரி, பாலாடா பக்கம் கேரட் கழுவும் மிஷின் வைத்திருப்பவர்கள், இரண்டு லாட்ஜ், ஒரு ஒர்க்‌ஷாப் என்று ஏறி இறங்குங்கள். 'ஆள் வேண்டுமா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். போன வருஷம் எது ரிப்பேர் ஆச்சு, யாரைக் கூப்பிட்டீர்கள், அவர் எங்கிருந்து வந்தார், எத்தனை நாள் வேலை நின்றது என்று கேளுங்கள். மோட்டாருக்கும் பேனல் போர்டுக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஆள் ஏறி வருகிறார் என்று நாலு பேர் சொன்னால், அடுத்த பிரிவு எலக்ட்ரிகல். பக்கத்துப் பள்ளியோடு பேசி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஓட்டல் வேலையைக் கேவலமாகச் சொல்லவில்லை. ஆனால் ஏப்ரல், மே சீசனிலும் செப்டம்பர், அக்டோபர் சீசனிலும் தேடுகிற ஆளை மழைக்காலத்தில் எந்த லாட்ஜும் சம்பளம் கொடுத்து உட்கார வைக்காது.

ஒரு பொருளை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. ஊட்டி இந்து நகரில் 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஃபிலிம் தொழிற்சாலை ஞாபகம் இருக்கும், டிஜிட்டல் கேமரா வந்து அதன் கதை முடிந்தது. ஃபிலிமுக்கு ரசாயனம் பூசத் தெரிந்த கை வேறு எங்கே போகும்? லேத் தெரிந்த கைக்கு அந்தக் கவலை இல்லை, நாளை டீ படுத்தாலும் கோவையில் பட்டறை இருக்கிறது.

ஒன்று மட்டும் கறாராக இருங்கள், பதினெட்டு ஆகாத பிள்ளையை ஓடுகிற ரோலர் பக்கம் விடக் கூடாது. கழற்றிய ரோலரைத் தீட்டுவதைத் தள்ளி நின்று பார்க்கட்டும். அப்புறம், தொழிற்பிரிவு என்றால் மக்குப் பிள்ளைகளுக்கு என்று கூட்டத்தில் யாராவது முணுமுணுப்பார்கள். தொழிற்பிரிவில் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேர வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கு மெஷினிஸ்ட் எதற்கு என்று கேட்டால், நாள் பூரா சரிவில் நின்று கொழுந்து பறிக்கும்போது யாரும் கேட்கவில்லையே என்று நீங்கள் கேளுங்கள்.