‘கு.’ என்றால் யார், தம்பி?

கேள்வி: எனக்கு முதல் குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது. ஆண் குழந்தை. 30ஆம் நாள் பெயர் சூட்ட இருக்கிறோம். போன ஆண்டு நானும் மனைவியும் கீழடிக்குப் போயிருந்தோம். அங்கே பானை ஓட்டில் ‘ஆதன்’ என்ற பெயரைப் பார்த்ததிலிருந்து, மகன் பிறந்தால் அந்தப் பெயர்தான் என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம். இப்போது என் மைத்துனர் அகராதியைப் புரட்டிவிட்டு, ‘ஆதன் என்றால் அறிவிலி, குருடன் என்று போட்டிருக்கிறது’ என்கிறார். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? உண்மையில் என்ன பொருள்? இன்று யாராவது வைக்கிறார்களா? என் அப்பாவின் பெயரைத்தான் பேரனுக்கு வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அது வெளியில் சொல்லும்படியான பெயர் இல்லை என்பதால் இங்கே எழுதவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
– கு. செ., மதுரை

(கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: நீங்கள் அனுப்பியது இரண்டு பக்கக் கடிதம். அதில் ‘ஆதன்’ ஒன்பது இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். உங்கள் அப்பாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கடைசியில், உங்கள் கையெழுத்துக்கு முன்னால் ஒரு ‘கு.’ மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மைத்துனர் கிளப்பிவிட்ட புழுதியை அடக்குவோம்.

அவர் சொன்னது பொய் அல்ல. பிற்காலத்துச் சமய நூல்களில் ‘ஆதர்’ என்றால் அறிவில்லாதவர்கள்தான். அகராதிக்காரர்கள் அதை எடுத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் சொல்லுக்கும் வயது உண்டு. ‘நாற்றம்’ என்று ஒரு காலத்தில் எதைச் சொன்னார்கள்? பூவின் மணத்தை. இன்று அதே சொல்லை ஒரு பூக்காரியிடம் சொல்லிப் பாருங்கள். சேர மன்னர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆதன் என்று பெயர் வைத்தபோது அந்தச் சொல்லில் எந்த அழுக்கும் படிந்திருக்கவில்லை. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனின் பெயருக்குள் சேரலும் ஆதனும் சேர்ந்திருக்கின்றன. பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய அரசன் செல்வக் கடுங்கோ வாழியாதன். ஒரு குடி தன் பிள்ளைகளுக்கு ‘முட்டாள்’ என்று தலைமுறை தோறும் பெயர் வைத்துக்கொண்டிருக்குமா? ஐங்குறுநூற்றைத் திறந்தால் முதல் பத்துப் பாட்டும் ‘வாழி ஆதன் வாழி அவினி’ என்றே தொடங்குகின்றன. ஆதன் வாழ்க என்று சொல்லிவிட்டுத்தான் ‘நெற்பல பொலிக, பொன்பெரிது சிறக்க’ என்கிறாள் ஒரு பெண். நெல்லுக்கும் பொன்னுக்கும் முன்னால் நிற்கும் பெயர் அது. இதை மைத்துனரிடம் படித்துக் காட்டுங்கள், அடங்கிவிடுவார்.

அரண்மனையோடு நின்றுவிட்ட பெயரும் அல்ல. 2019இல் தமிழகத் தொல்லியல் துறை கீழடி அறிக்கையை வெளியிட்டபோது, தமிழ் எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகளைப் பற்றிச் சொன்னது. அவற்றில்தான் ‘ஆதன்’ இருக்கிறது, ‘குவிரன் ஆதன்’ இருக்கிறது. படை நடத்தியவன் பெயர் மட்டுமல்ல, தன் வீட்டுப் பானையில் பெயரைக் கீறி வைத்தவன் பெயரும் ஆதன்தான். எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

இன்று வைக்கிறார்களா என்றால், மிக அரிது. ஆதவன் உண்டு, ஆதித்தன் உண்டு, ஆதி என்று தெருவுக்குத் தெரு உண்டு. ஆதன் கீழடிக்குப் பிறகுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுகிறது. ஒரு தொல்லையை மட்டும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் வருகைப் பதிவேட்டை ஆங்கில எழுத்தில் வைத்திருப்பார்கள். உங்கள் பையனை ‘அதன்’ என்று கூப்பிட்டுவிட்டு, ‘எதன்?’ என்று பின்வரிசை சிரிக்கும். நெடில் ஒன்றுக்காக அவன் ஆயுள் முழுவதும் சண்டை போட வேண்டியிருக்கும். போடட்டும், தவறில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் முடிந்தது. இனி நான் கேட்கிறேன்.

‘வெளியில் சொல்லும்படியான பெயர் இல்லை.’ இதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்குப் போக முடியவில்லை. ‘கு.’ என்று தொடங்கி, மகன் சொல்லக் கூசும் பெயர் என்றால் அது குப்பனாக இருக்கலாம், குப்பையாக இருக்கலாம், குப்பாண்டியாக இருக்கலாம். என்னவாக இருந்தாலும், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவரிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? கீழடிக்கு டிக்கெட் எடுத்துப் போய் யாரோ ஒருவரின் பெயருக்கு மூலம் தேடத் தெரிந்த உங்களுக்கு, அடுத்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் பெயருக்கு மூலம் கேட்கத் தோன்றவில்லையே!

எங்கள் வீட்டில் ஓர் அத்தை இருந்தார். குப்பம்மாள். அவருக்கு முன்னால் மூன்று குழந்தைகள் பிறந்து பால்குடி மறப்பதற்குள் போய்விட்டன. நான்காவதாக இவர் பிறந்த அன்று என் அப்பத்தா, குழந்தையை முறத்தில் கிடத்தி, எருக்குழிக்குப் பக்கத்தில் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாராம். பக்கத்து வீட்டுக்காரி அந்த முறத்தை எடுத்து வந்து, ‘குப்பையில் ஒரு பிள்ளை கிடந்தது, வேண்டுமா?’ என்று வாசலில் நின்று கேட்டாராம். ஒரு படி தவிட்டைக் கொடுத்து, பெற்ற பிள்ளையை விலைக்கு வாங்கினார் அப்பத்தா. இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் ஏமாந்து போகட்டும் என்பதற்காக இத்தனை நாடகம். அத்தை 80 வயதைத் தாண்டி வாழ்ந்தார். குப்பன், குப்புசாமி, பிச்சை, தவிட்டுக்கு வாங்கியவன் என்று நம் ஊர்களில் எத்தனையோ பெயர்கள் இப்படிப் பிறந்தவை. அழகு பார்த்து வைத்த பெயர்கள் அல்ல, உயிருக்குப் பயந்து வைத்தவை. உங்கள் பாட்டி எத்தனை பிள்ளைகளைப் புதைத்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?

பழமைதான் உங்களுக்கு வேண்டும் என்றால், ஆதனுக்குச் சற்றும் இளைக்காத பழமை உங்கள் அம்மாவின் ஆசையில் இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். நற்றிணையில் 40ஆம் பாட்டு. வேறொருத்தியிடம் போய்க் கிடந்த ஒருவன் நள்ளிரவில் கள்வனைப் போலத் தன் வீட்டுக்குள் நுழைகிறான். ஏன்? ‘சிறந்தோன் பெயரன் பிறந்தமாறே’. தன் தந்தையின் பெயரைச் சுமக்க ஒருவன் பிறந்துவிட்டான். மானம் கெட்டவனைக்கூட வாசலுக்கு இழுத்து வந்தது அந்தச் சொல். கரூர்ப் பக்கம் புகழூரில் ஆறுநாட்டான் மலைக் கல்வெட்டையும் பாருங்கள். ‘கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ’. பேரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டும்போது வெட்டிய கல் அது. ஆனால் அங்கே தாத்தாவின் பெயர்தான் முதலில் வருகிறது. அந்தத் தாத்தாவின் பெயர்தான் நீங்கள் ஆசைப்படும் ஆதன்.

இன்னொரு ஆதனும் இருக்கிறான், எனக்கு மிகவும் பிடித்தவன். பிசிராந்தையாரைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கோப்பெருஞ்சோழனை நேரில் காணாமலே நட்புக் கொண்டு, அவன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் உயிர் விட உட்கார்ந்தபோது, தானும் வந்து உயிர் விட்டவர். ‘ஆந்தை’ என்பது பறவை அல்ல, தம்பி. ஆதன் என்ற பெயரோடு தந்தை என்ற சொல் சேர்ந்தால் ‘ஆந்தை’ என்று சுருங்கும். தொல்காப்பியம் இதற்குத் தனி விதியே சொல்கிறது. பிசிர் என்ற ஊரில் இருந்த ஆதனுடைய அப்பா, அவ்வளவுதான் அந்தப் புலவரின் பெயர். மகனின் பெயரே அவர் பெயராகிவிட்டது. இத்தனை வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றில் இருக்கிறது. மனைவி நல்லவள், ‘மக்களும் நிரம்பினர்’. பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்களாம், அதனால் நரை இல்லையாம். அவருடைய நண்பன் சோழனோ, பெற்ற மகன்கள் எதிர்த்து நின்றதால் வடக்கிருந்து செத்தான்.

அந்த ஆதன் அப்பாவுக்கு ஒரு நரைகூட வராமல் பார்த்துக்கொண்டான். உங்கள் அப்பா ‘ஒன்றும் சொல்லவில்லை’ என்கிறீர்கள். என்ன சொல்வார்? தன் பெயரை மகன் எந்தெந்த இடத்தில் விழுங்கினான் என்று அவருக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தில், அலுவலகத்தில், பெண் பார்க்கப் போன வீட்டில்? திருமணப் பத்திரிகையில் அவர் பெயரை எப்படி அச்சடித்தீர்கள்? அதையும் நாகரிகமாகத் திருத்திப் போட்டிருந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம், எனக்கு இரத்தக் கொதிப்பு உண்டு.

ஆதன் என்று வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாக வையுங்கள். உங்கள் மனைவியும் சேர்ந்து ஆசைப்பட்ட பெயர், பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதற்காகக் கூப்பிட வேறொரு பெயர் வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். இரண்டு பெயர் நமக்குப் புதிதல்ல. 30ஆம் நாள் முதலில் தாத்தாவின் பெயரைக் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லட்டும். அவர் மடியில் வைத்து, அவரே சொல்லட்டும். கூடியிருப்பவர்களுக்குக் கேட்கும்படி சொல்லட்டும். பிறகு ஆதன்.

அந்தத் தேதியைத் தள்ளிப் போட வேண்டியிருந்தாலும் குடி முழுகிப் போகாது. பிறப்பைப் பெயர் இல்லாமலே பதிவு செய்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டுவரை சேர்க்கலாம். சட்டமே இவ்வளவு அவகாசம் கொடுக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஒரு மாலைப்பொழுது. அப்பா பக்கத்தில் உட்காருங்கள். பிசிராந்தையார் கதையைச் சொல்லுங்கள், ஆதன் என்ற பெயர் பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு, ‘உங்களுக்கு இந்தப் பெயரை யார் வைத்தார்கள்?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். எழுந்துவிடாதீர்கள்.

அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் ‘கு.’ வேண்டாம், முழுதாக எழுதுங்கள்.