அறுபது கணக்கு வேண்டாம், ஆறு கடினமான கணக்கு போதும்

அன்புள்ள ஐயா,

என் மகன் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். அக்காவின் தொடக்கநிலை ஆறு கணக்குகளை மனத்திலேயே போட்டு விடை சொல்லிவிடுவான். ஆனால் தன் பயிற்சித்தாளில் பாதியைக்கூட முடிப்பதில்லை. வழிமுறை எழுதாததால் மதிப்பெண்ணும் போகிறது. அண்மையில் மனவியலாளர் சோதித்து, ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) என்றார். "இவ்வளவு மூளை உள்ள பிள்ளைக்கு என்ன நோய்? சோம்பல்தான்" என்கிறார் மாமியார். வீட்டுப்பாடம் ஒழுங்காகும்வரை சதுரங்க வகுப்பை நிறுத்திவிடலாமா? பள்ளியிடம் எதைக் கேட்பது?

ஒரு தாய், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள அம்மா,

சதுரங்கத்தை நிறுத்தாதீர்கள். ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு 'இது முக்கியம்' என்று சொன்னால் கவனம் வந்துவிடாது. ஆர்வமும் சவாலும் இருந்தால்தான் வரும். இரண்டு மணி நேரம் காய் நகர்த்துபவன் பத்து நிமிடம் எழுத்துக்கூட்டல் எழுதாதது அதனால்தான். மாமியாரிடமும் இதைச் சொல்லுங்கள். கூர்மை குறையை மறைக்கும், குறை கூர்மையை மறைக்கும். கடைசியில் மதிப்பெண் நடுவில் நிற்க, பிள்ளைக்குக் கிடைப்பது 'கவனமில்லாதவன்' என்ற பெயர்.

மனவியலாளரின் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். விஸ்க் (பிள்ளைகளுக்கான அறிவுத்திறன் சோதனை) என்றால் மொத்த எண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். பகுத்தறியும் திறன் மிக உயர்ந்து, செயல்நினைவும் (வேலை செய்யும்போது மனத்தில் தாங்கும் நினைவு) செயலாக்க வேகமும் சராசரியில் நின்றால், மொத்த எண் இரண்டையும் சரியாகக் காட்டாது. அந்த மொத்த எண்ணைப் பார்த்து 'குறை ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடுவார்கள். அவனுக்கு அந்த இடைவெளியேதான் சிக்கல்: விடை நொடியில் கிடைத்துவிடுகிறது, அதைப் படிப்படியாகத் தாளில் இறக்குவதற்குள் பாதி மறந்துபோகிறது. செயல்நினைவையும் வேகத்தையும் சேர்க்காமல் பகுத்தறியும் திறனை மட்டும் காட்டும் பொதுத்திறன் குறியீட்டைத் தனியாகக் கணக்கிட்டுத் தர முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.

வீட்டுப்பாடத்தில் எண்ணிக்கையைக் குறையுங்கள், கடினத்தைக் குறைக்காதீர்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: எளிய கணக்குகளை எல்லாம் முடித்தால்தான் கடினமானது என்பார்கள். அவன் எளியவற்றிலேயே சலித்து நின்றுவிடுவான், கடினமானதை எட்டவே மாட்டான். பன்னிரண்டு கணக்கு இருந்தால் கடைசியில் உள்ள மிகக் கடினமான நான்கை முதலில் கொடுங்கள். வழிமுறையோடு சரியாகச் செய்தால் மற்றவை தேவையில்லை. வகுப்பாசிரியரின் ஒப்புதலை முன்பே மாணவர் கையேட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் 'முடிக்கவில்லை' என்று திட்டு விழும், ஏற்பாடும் அன்றோடு முறிந்துவிடும்.

'வழிமுறை எழுது' என்று சொல்வதால் பயனில்லை. எத்தனை வரி என்று காட்டுங்கள். அரைப்பக்கத்துக்கு ஒரே கணக்கு: என்ன கேட்கிறார்கள், கட்டப்படம் (எண்களைக் கட்டங்களாக வரைந்து காட்டுவது), கணக்கு, அலகோடு விடை. முதல் வரியை அவன் சொல்ல நீங்களே எழுதலாம். தொடங்குவதுதான் மலை, தொடங்கிவிட்டால் ஓடுவான். மணற்கடிகாரமோ டைமரோ கண்முன் இருக்கட்டும். பதினைந்து நிமிட வேலை, ஐந்து நிமிட இடைவேளை. அந்த ஐந்து நிமிடம் குதிக்கலாம், புளோக்கின் கீழே ஓடி வரலாம். கைப்பேசி மட்டும் வேண்டாம், அதிலிருந்து மீட்டெடுக்கவே அரைமணி ஆகும். பாராட்டும் பரிசும் அன்றைக்கே, சிறியதாக. ஆண்டிறுதியில் சைக்கிள் என்ற வாக்குறுதி இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது.

மருத்துவர் ஏடிஎச்டிக்கான மெத்தில்பெனிடேட் மருந்தைக் கொடுத்தால், பசி குறையும் என்பதால் பெரும்பாலும் காலைச் சிற்றுண்டியோடு கொடுக்கச் சொல்வார்கள். மாலையில் மருந்தின் வேகம் தணியும்போது சில பிள்ளைகள் எரிந்து விழுவார்கள். அந்த நேரத்தில் பாடத்தை வைக்காதீர்கள். எடை, உயரம், நாடித்துடிப்பு ஆகியவற்றைப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் பார்க்க வேண்டும். மருந்து கவனத்துக்கு உதவும், பை அடுக்கக் கற்றுக்கொடுக்காது.

பள்ளியிடம் இரண்டைக் கேளுங்கள். ஒன்று, சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான அதிகாரியின் உதவி: அறிக்கையைக் கொடுத்து, முன்வரிசை இருக்கை, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை போன்றவற்றை எழுத்தில் பெறுங்கள். மற்றொன்று, அவன் வயதுக்கு மேலான கணிதம். மிகக் கூர்மையான மாணவர்களைத் தேர்ந்தெடுத்துத் தனியாகக் கற்பிக்க 1984-இல் தொடங்கிய மீத்திறன் கல்வித் திட்டம் இப்போதைய வடிவில் தொடராது என்று 2024 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். இனி ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் உயர்திறன் மாணவருக்கு ஏற்பாடு இருக்கும், சிலர் பள்ளி நேரத்துக்குப் பின் அருகிலுள்ள பள்ளியில் கூடுதல் பாடமும் படிப்பார்கள். இந்த இரண்டையும் ஒரே கூட்டத்தில் கேளுங்கள். 'முதலில் நடத்தையைச் சரிசெய்வோம், சவால் பிறகு' என்றால், சதுரங்கத்தில் அவன் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பயிற்றுநரிடம் எழுதி வாங்கிக் காட்டுங்கள்.

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குப் பள்ளிதான் விண்ணப்பிக்கும். வகுப்புத் தேர்வுகளில் அந்த உதவி அவனுக்குத் தேவைப்பட்டதற்கான பதிவு இருந்தால் விண்ணப்பம் வலுப்படும். அந்தப் பதிவை இந்த ஆண்டே தொடங்கச் சொல்லுங்கள்.