வீட்டில் ரேக்கில் மாட்ட 24 டிஸ்க் ஸ்டோரேஜ் சர்வர் கட்டப் போகிறேன். என்ன ஹார்டுவேர் வாங்கலாம்?

கேள்வியில் நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் வசதி. கல்யாண வீடியோ எடுக்கிறீர்கள். பழைய ஃபுட்டேஜ் சுமார் 40 டிபி, எக்ஸ்டெர்னல் டிஸ்க்குகளாகப் பீரோவில் கிடக்கிறது. வருடத்துக்கு 8 டிபி கூடுகிறது. எல்லாவற்றையும் ஒரு 4யு (ரேக்கில் நாலு அடுக்கு உயரம்) ரேக் சர்வருக்குள் கொண்டுவர ஆசை. ரைசன் 9, 128 ஜிபி ரேம், எட்டு சாட்டா போர்ட் (டிஸ்க் மாட்டும் சாக்கெட்) உள்ள கேமிங் போர்டு என்று பட்டியல் போட்டிருக்கிறீர்கள். டிஸ்க்குக்கு, யாரோ 24 பழைய 4 டிபி டிஸ்க்குகளை மொத்தமாகச் சல்லிசு விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள்.

பட்டியலைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். ஸ்டோரேஜ் சர்வரில் ப்ராசசர் கடைசியில் முடிவு செய்யும் சாமான். எத்தனை டிஸ்க், அவை எந்தப் பெட்டியில் உட்காரும், அந்தப் பெட்டியின் பேக்ப்ளேன் (டிஸ்க்குகள் குத்தும் பலகை) எது, அதற்கு எந்த கார்டு, இதற்கெல்லாம் கரன்ட் எங்கிருந்து வரும், சூடு எங்கே போகும் என்று இந்த வரிசையில் யோசித்தால் போர்டும் ப்ராசசரும் தானாக முடிவாகிவிடும்.

டிஸ்க் கணக்கிலிருந்து வருவோம். 24 எண்ணம் 4 டிபி என்றால் கேட்க 96 டிபி. இசட்.எஃப்.எஸ்-ஸில் (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டம்) எட்டெட்டாக மூன்று ரெய்ட்-இசட்2 குழு (இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் அமைப்பு) போட்டால் குழுவுக்கு இரண்டு டிஸ்க் பாரிட்டிக்கு, அதாவது போன டிஸ்க்கின் டேட்டாவை மீட்கும் கணக்குக்கு, போய்விடும். மிச்சம் 72 டிபி. அதுவே 16 டிபி டிஸ்க் எட்டே எட்டு வாங்கி ஒரே ரெய்ட்-இசட்2 போட்டால் 96 டிபி நிற்கும். (கம்ப்யூட்டர் காட்டும், 1024-இன் மடங்கில் எண்ணும் கணக்கில் 87 டெபிபைட். அதிலும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருப்பது நல்லது.) உங்கள் வேகத்துக்கு நாலு வருடம் தாராளமாக ஓடும். 16 பே (டிஸ்க் செருகும் இடம்) காலியாக இருக்கும், இருக்கட்டும். நாலு வருடம் கழித்து அன்றைக்கு விலை படிகிற அளவில் அடுத்த எட்டை வாங்கி இரண்டாவது குழுவாகச் சேர்த்துக்கொள்ளலாம். 2025 ஜனவரியில் வந்த ஓபன்-இசட்.எஃப்.எஸ் 2.3 முதல், இருக்கிற குழுவிலேயே டிஸ்க்கை ஒவ்வொன்றாகக் கூட்டும் வசதியும் வந்துவிட்டது. ஆனாலும் எட்டெட்டாக வளர்ப்பதைத்தான் நான் விரும்புவேன்.

ஏன் இரண்டு பாரிட்டி, ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். 16 டிபி டிஸ்க் ஒன்று போய், புது டிஸ்க் போட்டு மறுபடி கட்டும்போது, விநாடிக்கு 200 எம்பி வேகம் தடையில்லாமல் கிடைத்தால்கூட 22 மணி நேரம் ஆகும். நடைமுறையில் அதற்கு மேலேயே போகும். அவ்வளவு நேரமும் மிச்சமுள்ள ஏழு டிஸ்க்குகளும் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று படுத்துக்கொள்ள அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது.

ரெய்ட் (பல டிஸ்க்கைச் சேர்த்து, ஒன்று போனாலும் ஓட வைப்பது) வேறு, பேக்கப் வேறு என்று உங்களுக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு ஒரு சௌகரியம்: பீரோவில் இருக்கும் எக்ஸ்டெர்னல் டிஸ்க்குகளே பழைய ஃபுட்டேஜுக்கு பேக்கப். காப்பி முடிந்த ஜோரில் அவற்றை ஃபார்மேட் பண்ணிவிடாதீர்கள். உள்ளே இருப்பதை உருவி சர்வரில் மாட்டும் எண்ணமும் வேண்டாம். லேபிள் ஒட்டி, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள்.

அடுத்து பெட்டி. இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் மாற்ற முடியாதது இது ஒன்றுதான்.

பழைய சர்வர் சந்தையில் 24 டிஸ்க் என்றால் அதிகம் கண்ணில் படுவது சூப்பர்மைக்ரோவின் 846 வகை. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே டிஸ்க்குகள் குத்தும் பேக்ப்ளேன் பலகைதான் வேறு. விற்பவரிடம் மூடியைத் திறந்து, விசிறி வரிசைக்கு முன்னால் நிற்கும் அந்தப் பச்சைப் பலகையில் அச்சடித்த எண்ணை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "பி.பி.என்-எஸ்.ஏ.எஸ்-846இ.எல்1" என்றிருந்தால் வாங்காதீர்கள். அது முதல் தலைமுறை எஸ்.ஏ.எஸ் (சர்வர் டிஸ்க் இணைப்பு முறை) எக்ஸ்பாண்டர் (ஒரு கேபிளைப் பல டிஸ்க்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சிப்), 2 டிபிக்கு மேலான டிஸ்க்குடன் ஒத்துப்போகாது. "எஸ்.ஏ.எஸ்2-846இ.எல்1" என்றிருந்தால் சரி. நடுவில் அந்த ஒரு "2" இருக்கிறதா என்பதில் முழுப் பணமும் நிற்கிறது. அதே பெட்டி "846ஏ" பலகையோடும் வரும், அதில் எக்ஸ்பாண்டர் கிடையாது, ஆறு கேபிள் நேராக இழுக்க வேண்டும். "846டி.க்யூ" என்றால் 24 தனித்தனி சாட்டா கேபிள். பழுது பார்க்க எளிது, ஆனால் விசிறிக்கு முன்னால் கேபிள் புதர் மண்டி காற்றை மறிக்கும்.

எக்ஸ்பாண்டர் பலகைக்கு ஒரே ஒரு மினி-எஸ்.ஏ.எஸ் கேபிள் போதும். நாலு லேன் (டேட்டா பாதை), லேனுக்கு 6 ஜிகாபிட். கைக்கு வருவது விநாடிக்கு 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. 24 டிஸ்க்கும் ஒன்றாக ஓடினால் ஒவ்வொன்றுக்கும் 90 எம்பி சொச்சம் கிடைக்கும். மாதாந்திர ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்ப்பது) கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்.

ரேக்கின் ஆழத்தையும் இப்போதே டேப் வைத்து அளந்துவிடுங்கள். நம் ஊர்க் கடைகளில் "சர்வர் ரேக்" என்று கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் சிசிடிவி ஆட்கள் சுவரில் மாட்டும் 9யு பெட்டி. ஆழம் 550, 600 மில்லிமீட்டர். இந்த சேஸி (பெட்டி) மட்டுமே 650-ஐத் தாண்டும், பின்னால் கேபிள் மடங்க இடம் வேறு வேண்டும். தரையில் நிற்கும் 800 அல்லது 1000 மில்லிமீட்டர் ரேக்தான் சரி. டிஸ்க் ஒன்று முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 24 நிரம்பினால் டிஸ்க் மட்டுமே 16 கிலோ, சேஸியும் பவர் சப்ளையும் சேர்ந்தால் ஒரு ஆள் தனியாகத் தூக்குகிற கனம் இல்லை. ரேக்கின் அடித்தட்டில் வையுங்கள்.

(எட்டு, பன்னிரண்டு டிஸ்க்கோடு நின்றுவிடுவேன் என்று தோன்றினால் ரேக்கே வேண்டாம். ஃப்ராக்டல் டிஃபைன் 7 எக்ஸ்.எல் மாதிரி டவர் கேஸில் 18 வரை போகும், சத்தமும் குறைவு. ஆனால் நீங்கள் ரேக்தான் என்று முடிவு கட்டிவிட்டதாகத் தெரிகிறது.)

டிஸ்க்குகளைப் போர்டோடு இணைக்கும் கார்டு விஷயத்தில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. போர்டில் எத்தனை சாட்டா போர்ட் என்பது இனி உங்களுக்குப் பொருட்டே இல்லை. எல்.எஸ்.ஐ 9207-8ஐ அல்லது 9300-8ஐ ஒன்று, "ஐ.டி மோட்" ஃபர்ம்வேரோடு (கார்டு ரெய்ட் வேலை செய்யாமல் டிஸ்க்கை அப்படியே காட்ட வைக்கும் உள்மென்பொருள்). இசட்.எஃப்.எஸ்ஸுக்கு டிஸ்க் நேரடியாகத் தெரிய வேண்டும். நடுவில் ரெய்ட் கார்டு உட்கார்ந்து டிஸ்க்கை மறைக்கக் கூடாது. 9300-ல் சாக்கெட் வேறு, எனவே கேபிளின் இரண்டு முனையையும் பார்த்து வாங்குங்கள். இந்தக் கார்டுகள் சர்வருக்குள் அடிக்கும் காற்றை நம்பிச் செய்யப்பட்டவை. சத்தம் தாங்காமல் விசிறியை மாற்றுகிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். கை வைக்க முடியாத சூட்டில் அந்தச் சின்ன ஹீட்சிங்க் கொதித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் ஒரு 40 எம்எம் விசிறியைத் திருகிவிடுங்கள்.

கரன்ட். 3.5 அங்குல டிஸ்க் சும்மா சுற்றும்போது 5, 6 வாட்தான். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் சில விநாடிகள் 12 வோல்ட் லைனில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். 24-ம் ஒன்றாகக் கிளம்பினால் டிஸ்க்குக்கு மட்டும் 576 வாட். கார்டில் ஸ்டாகர்ட் ஸ்பின்-அப்பைப் போட்டுவிட்டால் சில சில டிஸ்க்காகக் கிளம்பும். சேஸியோடு வரும் பவர் சப்ளை பெரும்பாலும் அலறும். சூப்பர்மைக்ரோவில் மாடல் எண்ணின் கடைசியில் "எஸ்.க்யூ" என்றிருப்பது சத்தம் குறைந்தது, 920 வாட், நேராக மாற்றி மாட்டலாம். மோலெக்ஸிலிருந்து (பழைய நாலு முள் பவர் பிளக்) சாட்டாவுக்கு மாற்றும், ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக இருக்கும் மலிவு கன்வெர்ட்டர் கேபிளைச் சர்வருக்குள் விடவே விடாதீர்கள். உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு எரிந்துபோன கதைகள் நிறைய.

இனி நம் ஊர் நிஜம். 24 டிஸ்க் 130 வாட், போர்டு, கார்டு, விசிறி எல்லாம் சேர்ந்து 70 என்று வைத்தால் 200 வாட். ஒரு நாளைக்கு 4.8 யூனிட். மின்வாரியம் ரீடிங் எடுக்கும் இரண்டு மாதத்தில் 288 யூனிட். வீட்டுக்கு ஏற்கெனவே ஏசி ஓடினால் 500-ஐ எளிதாகத் தாண்டுவீர்கள். தாண்டினால் கீழ் ஸ்லாப்களுக்கும் மலிவு விலை போய்விடும். எட்டு டிஸ்க்கோடு நின்றால் 110 வாட், 158 யூனிட். அந்தச் சல்லிசு 4 டிபி டிஸ்க்குகளின் உண்மை விலை இதில்தான் தெரியும்: இடம் குறைவு, பில் அதிகம், வாரன்ட்டி இல்லை.

200 வாட் கரன்ட் உள்ளே போனால் 200 வாட் சூடு வெளியே வரும். அதை மாடிப்படிக்குக் கீழே, கதவு போட்ட அறையில் வைக்க நினைத்திருக்கிறீர்கள். சித்திரை வெயிலில் அங்கே டிஸ்க் 50 டிகிரியைத் தாண்டும். ஸ்பெக்கில் 60 வரை தாங்கும் என்றுதான் போட்டிருப்பார்கள், நான் 45-க்குள் வைத்திருக்கப் பார்ப்பேன். கதவின் கீழே காற்று நுழையத் துளைத் தகடு (ஜாலி), மேலே ஒரு எக்ஸாஸ்ட் விசிறி, ரேக் முகப்பில் கழுவிப் போடக்கூடிய தூசி வலை. இது ஏசியைவிட மலிவு, பெரும்பாலான மாதங்களுக்குப் போதும்.

வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் ஓடும். ஸ்கொயர் வேவ் என்றால் இந்த ரகப் பவர் சப்ளைகள் முரண்டு பிடிக்கும். இன்வெர்ட்டரில் "யு.பி.எஸ்" மோட் சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள், மற்ற மோடில் கரன்ட் மாறும் நேரம் அதிகம், சர்வர் ரீபூட் ஆகிவிடும். ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் சர்வரிடம் சொல்லாது. அதற்காகவே யு.எஸ்.பி உள்ள ஒரு சைன் வேவ் யு.பி.எஸ்ஸை நடுவில் போட்டு, ட்ரூநாஸில் (இசட்.எஃப்.எஸ்ஸோடு வரும் ஸ்டோரேஜ் சர்வர் ஓ.எஸ்) யு.பி.எஸ் சேவையை ஆன் பண்ணி, பேட்டரி குறைந்ததும் தானாக ஷட்டவுன் ஆகும்படி வைக்க வேண்டும்.

மிச்சமானது ப்ராசசர். ஈ.சி.சி ரேம் (பிழையைத் தானே திருத்தும் ரேம்) ஏற்கும் இன்டெல் ஐ3-9100, அதற்கு சி246 சிப்செட் உள்ள சர்வர் போர்டு, 32 ஜிபி ஈ.சி.சி ரேம். ஃபைல் கொடுத்து வாங்கும் வேலைக்கு இதுவே அதிகம். அந்த போர்டில் ஐ.பி.எம்.ஐ இருந்தால் மானிட்டர் மாட்டாமலே உங்கள் மேஜையிலிருந்து பயாஸ் வரை போகலாம். ரேக்கை மாடிப்படிக்குக் கீழே வைப்பவருக்கு அது பெரிய உதவி. "ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ரேம்" என்கிற விதியை நம்ப வேண்டாம். டீடூப்பை (ஒரே டேட்டா இரண்டு முறை இருந்தால் ஒன்றாகச் சேமிப்பது) ஆன் பண்ணாதவரை அது தேவைப்படாது, கல்யாண வீடியோவில் டீடூப் செய்ய ஒன்றும் சிக்காது. இசட்.எஃப்.எஸ்ஸில் ரெக்கார்ட் சைஸை (ஃபைலைத் துண்டாக்கி எழுதும் அளவு) 1 எம்பி வையுங்கள். எஸ்.எஸ்.டி கேஷ் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

நெட்வொர்க்கிலிருந்தே எடிட் செய்யப் போவதால் சர்வருக்கும் எடிட்டிங் மெஷினுக்கும் நடுவே 10 ஜிகாபிட் போடுங்கள். பழைய இன்டெல் எக்ஸ்520 கார்டு இரண்டு, ஒரு டேக் கேபிள் (இரண்டு கார்டையும் நேராக இணைக்கும் செப்புக் கேபிள்), சுவிட்ச்கூட வேண்டாம். சாதாரண ஜிகாபிட்டில் விநாடிக்கு 110 எம்பிதான் வரும். முதல் 40 டிபியை அந்த வழியில் ஏற்ற நாலு நாளுக்கு மேல் ஆகும். எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை நேராகச் சர்வரின் யு.எஸ்.பியில் குத்திக் காப்பி செய்யுங்கள்.

கடைசியாக டிஸ்க் வாங்குவது. சி.எம்.ஆர் (டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதும் முறை) என்று டேட்டாஷீட்டில் எழுதியிருக்க வேண்டும். 2020-ல் டபிள்யூ.டி ரெட் 2 முதல் 6 டிபி வரையிலான மாடல்கள் எஸ்.எம்.ஆர் (டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதும் முறை) என்று வெளிவந்து பெரிய சர்ச்சையானது நினைவிருக்கும். அந்த ரகத்தில் ரெய்ட் மறுகட்டுமானம் நாள்கணக்கில் இழுக்கும். 2025 தொடக்கத்தில் இன்னொரு கூத்து: பயன்படுத்திய சீகேட் எக்ஸாஸ் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கை (ஓடிய நேரம், உடல்நிலை பற்றி டிஸ்க் வைக்கும் பதிவு) பூஜ்யமாக்கி, புதியது என்று ஐரோப்பாவில் பல கடைகள் வழியாக விற்றிருக்கிறார்கள். டிஸ்க்குக்குள் சீகேட் தனியாக வைக்கும் ஃபார்ம் பதிவில் உண்மையான மணிக்கணக்கு அப்படியே நின்றதால் மாட்டிக்கொண்டார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 பதிப்பு முதல் அந்தப் பதிவைப் படிக்கலாம். டிஸ்க் கைக்கு வந்த அன்றே ஸ்மார்ட் கணக்கையும் ஃபார்ம் கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு, வாரன்ட்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொன்றிலும் முழு எழுத்துச் சோதனை. பேட்பிளாக்ஸை (டிஸ்க் முழுக்க எழுதிப் படித்துப் பார்க்கும் மென்பொருள்) நாலு பேட்டர்னுடன் ஓட்டினால் 16 டிபிக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். எட்டையும் ஒரே சமயத்தில் ஓட்டலாம், பவர் சப்ளைக்கும் விசிறிக்கும் அதுவே சோதனை. அது முடிந்து ஸ்மார்ட்டில் ரீஅலோகேட்டட் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), பெண்டிங் (படிக்கச் சிக்கலாகிச் சந்தேகத்தில் இருப்பவை) இரண்டும் பூஜ்யமாக இருந்தால் பூல் (எல்லா டிஸ்க்கும் சேர்ந்த ஒரே சேமிப்பிடம்) உருவாக்குங்கள். ஒன்றிலாவது எண் ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கை உடனே கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள், "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" வேண்டாம்.